நாற்பத்தோராம் பக்கம்

பாதீட்டுப் புத்தகம் கைக்கு வந்தது வெள்ளி பின்னேரம்.
வாக்கெடுப்பு திங்கள் காலை பத்து மணி.
இருநூற்றுப் பதினாறு பக்கம்.
"வாசிச்சு என்ன தங்கச்சி, போன வருசத்தது தான்"
என்றார் பக்கத்துக் கதிரை உறுப்பினர்,
புத்தகத்தை மடித்து விசிறிக்கொண்டே.

பலநோக்குச் சங்கத்தில் பதினெட்டு வருடம்
மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் கணக்கெழுதியவள் நான்.
எண் பொய் சொன்னால் எனக்குக் காது குடையும்.
அடிமட்டத்தை வைத்து வரிவரியாய் இறங்கினேன்.
சனி இரவு மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது.

நாற்பத்தோராம் பக்கம்.
குடிநீர் விநியோகம், பவுசர் எரிபொருள்:
நான்கு இலட்சத்து முப்பத்தீராயிரம்.
முந்தின வருடமும் அதுவே.
அதற்கு முந்தினதும் அதுவே.
டீசல்தான் அதே விலையில் நிற்கவில்லை.

தாளின் பின்பக்கத்தில் பிரித்துப் பார்த்தேன்.
சாட்டியில் நிரப்பி நாரந்தனை, சுருவில் சுற்றி வர
ஒரு நடைக்கு எட்டு லீற்றர், லீற்றர் முந்நூறு.
நூற்றெண்பது நடை.
நடைக்கு ஆறாயிரம் லீற்றர் தண்ணீர்.
ஆனி தொடங்கி நூற்றிருபது நாள்,
நானூற்றைம்பது குடும்பம்.
கடைசி வரியில் வந்து நின்றது:
ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இருபது.

அதாவது ஒரு கான்.
உலைக்கு, பிள்ளையின் பால்மாவுக்கு, வாய் கொப்பளிக்க.
குளிப்பதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

இன்னொரு கான் வேண்டுமென்றால்
அதே தொகை இன்னொரு தரம் வேண்டும்.
ஞாயிறு முழுக்க எங்கே வெட்டலாமென்று தேடினேன்.
முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவு, மாதம் ஆறாயிரம்;
பேனை தானே விலகிப் போனது.
வரவேற்பு, பொன்னாடை, நினைவுச் சின்னம்: தொண்ணூறாயிரம்.
கீறினேன். சந்தோசமாகவே கீறினேன்.
காணாது.
மிஞ்சியது ஒன்றுதான்:
மயானக் கொட்டகை, மூன்றரை இலட்சம்.

அது பராபரன் கேட்டு வாங்கினது.
கார்த்திகையில் அவர் தகப்பனுக்குக் கொள்ளி வைத்த அன்று
மழை விடவில்லை.
ஆறு பேர் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு
சிதைக்குக் கூரையாய் நின்றார்களாம்.
தறப்பாளும் உருகிச் சொட்டியதாம்.
பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம்.
அந்த மணம் மட்டும் எங்களைத் தேடி வந்தது.

திங்கள் நான் திருத்தத்தை வாசித்தபோது
பராபரன் என்னைப் பார்க்கவில்லை.
"செத்தவன் வோட்டுப் போடமாட்டான், அதுதானே?"
மேசையிடம்தான் கேட்டார்.
என் கையில் தாள் நிறையப் பெருக்கலும் வகுத்தலும்.
ஒன்றும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

பத்துக்கு ஒன்பது.
என்னோடு கை உயர்த்தியவர்களில் மூன்று பேர்
தவிசாளரை விழுத்த வழி பார்த்திருந்தவர்கள்.
தண்ணீரென்று ஒரு சொல் அவர்கள் வாயில் வரவில்லை.
அந்த மூன்று கையும் இல்லாமல்
இரண்டாவது கானும் இல்லை.

ஆடியில் ஒரு நாள் அருளப்பு போன் எடுத்தார்:
"அக்கா, எண்ணெய் தாராளமாக் கிடக்கு.
பின் ரயர் ரெண்டும் போச்சு."
செயலாளர் புத்தகத்தைப் புரட்டினார்.
எரிபொருள் காசில் ரயர் வாங்க ஏலாது.
ரயருக்கென்று ஒரு தலைப்பே கிடையாது.
பதினொரு நாள் பவுசர் சாட்டி வளைவில் நின்றது,
தாங்கி நிறைய டீசலோடு.
நானூற்றைம்பது வீட்டு வாசலிலும் கான்கள் நின்றன.
இரண்டிரண்டாய்.

திரும்பவும் கார்த்திகை.
மேற்கு ஒழுங்கையில் ஒரு சாவு, அதே மழை.
தறப்பாளைப் பிடிக்க இந்த முறை என் மகன் போனான்.
வந்து குளித்துவிட்டு மணிக்கட்டைக் காட்டினான்,
பிளாஸ்டிக் சொட்டின இடம், குன்றிமணி அளவு.
"கொட்டகை ஒண்டு போட எவ்வளவம்மா முடியும்?"
எனக்குத் தெரியும், சதக்கணக்காய்த் தெரியும்.
களிம்பைத் தேடுகிறவள் போல உள்ளே போனேன்.

புதுப் புத்தகம் வருகிற வெள்ளி வரும்.
அடிமட்டம் மேசையில் இருக்கிறது.
பழைய நாற்பத்தோராம் பக்க ஓரத்தில்
பென்சிலால் ரயர் என்று எழுதியிருக்கிறேன்.
அதன் கீழே இன்னொன்று.
எழுதி, அழித்து, எழுதி
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோய் இருக்கிறது.